திராட்சையில் செய்த நெரினா

மேட்டுப்பேட்டை, வால்மோரா
அக்டோபர் மாதம், மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து

அன்புள்ள தெரேன்சியோவுக்கு, நெரினா எழுதிக்கொள்வது.

மாதா புண்ணியத்தில் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதிலும் தூக்கம்தான் அதிகம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று படுத்தால், கோயிலில் சாயங்கால மணி அடிக்கும்போதுதான் எழுந்திருக்கிறேன். தம்பி எல்மோவும் சரி, அவன் பெண்டாட்டி சில்வானாவும் சரி, என்னைத் தட்டி எழுப்புவதில்லை. முதல் வாரம் எனக்கே வெட்கமாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. நீயும் உன் தம்பிகள் ஒரேஸ்தேயும் நாந்தோவும் சௌக்கியமா? நாய்க்குக் காதில் மருந்து விடுகிறீர்களா? மறந்தால் சீழ் பிடித்துவிடும்.

நமக்கு நடுவில் ஒரு ஓடையும் ஒரு பாலமும்தான், இதற்குப் போய்த் தபால் தலையா என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். இந்தக் கடிதம் இங்கிருந்து பேருந்தில் ஜில்லா ஊருக்குப் போய், அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, அதே பேருந்தில் திரும்பி வந்து உன் வாசலில் விழும். போகட்டும், அதுவாவது ஊர் சுற்றிப் பார்க்கட்டும். ஃபோனில் சொன்னால் நீ எங்கே கேட்கிறாய்? போன செவ்வாய்க்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, ரிசீவரைக் காதில் வைத்தபடி, "டேய் ஒரேஸ்தே, அந்தப் பெரிய மூடியைக் காணோம்டா, அடுப்புக்குக் கீழ பாரு" என்று கத்தினாய். நான் எது வரை சொன்னேன் என்று எனக்கே மறந்துபோய்விட்டது. வைத்துவிட்டேன். மூடி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

நீ அனுப்பிய ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரேஸ்தே ஒரு கூடை திராட்சையோடு வந்தான். திராட்சையைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டேன். "எப்போ வர்றீங்க அண்ணி? எங்களுக்கு வயிறே சரியில்ல" என்றான். பிறகு பங்குச்சாமியார் வந்தார். காபி குடித்தார், இன்னொரு காபி குடித்தார், "ஏம்மா, ஊரே உன்னைத் தேர்ல வெச்சுக் கொண்டாடிச்சு, நீ என்னடான்னா கோச்சுக்கிட்டு மாடியில உக்காந்திருக்கியே" என்றார். அதற்கப்புறம் நாந்தோ வந்தான், தேர்ப் போட்டியில் ஜெயித்ததற்குக் கொடுத்த வெற்றிக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நீ எனக்குப் பார்க்கக் கொடுத்தனுப்பினாயாம். மேட்டுப்பேட்டையில் உங்கள் ஆலைப்பேட்டைக் கொடியோடு ஒருத்தன் நுழைந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? முடிதிருத்தும் கடைக்கு முன்னால் அவனை மறித்துக்கொண்டார்கள். எல்மோ ஓடிப்போய் இழுத்து வந்திருக்காவிட்டால் கொடியும் கிழிந்திருக்கும், நாந்தோவும் கிழிந்திருப்பான்.

மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான், எப்போது வருகிறாய் என்று. ஏன் வரவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை. நீயும் ஃபோனில் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கோபம் என்று ஊர் பேசுகிறது. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே தெரேன்சியோ, அது எனக்கு இல்லை. சலித்துப்போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

சன்னலிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வருஷம் உன்னைத் தேர்த்தலைவனாக்கினார்கள். அதில் எனக்கும் சந்தோஷம்தான். உன் அப்பா ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனது. மில் கொட்டகையின் கூரை விழுந்துவிட்டதால் தேரை நம் வைக்கோல் கொட்டகையில் கட்டலாம் என்று முடிவு செய்தீர்கள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வருஷா வருஷம் செப்டம்பரில் மாதா பிறந்தநாளன்று நான்தான் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுகிறேனே. எதிர்ப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட எல்லோரும் செய்கிறதுதான். தேர் ரகசியம் கட்டில் வழியாகக் கசிந்துவிடக் கூடாது என்று நம் முப்பாட்டன்கள் போட்ட கட்டு. திராட்சைத் திருவிழா முடிந்த சாயங்காலம் புருஷன்மார் நீங்கள் பாலத்துக்கு நடுவில் வந்து நின்று கூட்டிக்கொண்டு போவீர்கள். இதில் யாருக்கும் குறை கிடையாது. சொல்லப்போனால் எனக்கு அது ஒரு லீவு.

ஆனால் நீ மாதா பிறந்தநாள் வரை பொறுக்கவில்லை. ஆகஸ்ட் மாதம், லாரன்சியார் திருநாளுக்கு மறுநாள் காலையில், சமையலறைக்குள் ஏணியோடு வந்தாய். கொட்டகையைப் பார்த்த சன்னல் அது ஒன்றுதான் என்று, அதன் மேல் தார்ப்பாயை விரித்து உள்பக்கமாக ஆணி அடித்தாய். திண்டில் என் துளசித் தொட்டி இருந்தது, என் கொம்புச் சீப்பு இருந்தது. வெளிச்சம் வருகிறது என்று அங்கே உட்கார்ந்துதான் காலையில் நான் தலை வாருவேன். "இரு, சாமானை எடுத்துக்கறேன்" என்றேன். வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு, "எல்லாம் திருவிழா முடியட்டும்" என்றாய். "என் வீட்டுச் சன்னலுக்கே திரையா? நான் போய் எல்மோகிட்ட சொல்லிடுவேன்னா?" என்று கேட்டேன். "சட்டம்னா சட்டம் நெரினா, தலைவன் வீட்டுலயே மீறினா மத்தவன் என்ன பேசுவான்?" என்றாய். அடித்து முடித்து, ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வெயில் காலத்தில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு சமைத்தேன்.

யாருக்கு? தேர் கட்டுகிற உன் பட்டாளத்துக்கு. காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மத்தியானம் சோளக்களியும் முயல் குழம்பும். கொட்டகைக் கதவைத் தட்டினால் உள்ளே பேச்சு நின்றுவிடும். ஒருத்தன் கையை மட்டும் வெளியே நீட்டி வாங்கிக்கொள்வான். களிப் பானையை நான் தூக்கி வரவில்லை, குளிர்காலத்தில் விறகு இழுக்கிற சறுக்குப் பலகையில் வைத்துக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். முற்றத்துக் கல்லில் அது கடகடவென்று சத்தம் போடும். நாந்தோ சிரித்தான். "பாருங்கடா, அண்ணி சொகுசாயிட்டாங்க, பானைக்கே வண்டி!" என்றான். உள்ளேயிருந்து எல்லோரும் சிரித்தார்கள். உன் சிரிப்பும் கேட்டது, எனக்கு உன் சிரிப்பு தெரியாதா?

சரி, திருவிழாவுக்கு வருகிறேன். நீ அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பாய், நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வெயில் நன்றாக இருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் காலையிலேயே குடித்திருந்தார்கள், தாளம் ஒரு பக்கம் போனால் ஊதுகொம்பு ஒரு பக்கம் போயிற்று. முதலில் எங்கள் தேர். யோனாவை விழுங்கிய மீன். எல்மோ ராத்தூக்கம் இல்லாமல் செய்தது. கறுப்புத் திராட்சையில் செதில், வெள்ளைத் திராட்சையில் வயிறு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வால் கொஞ்சம் உயரமாகிவிட்டது. கோட்டை வாசலில் மாட்டிக்கொண்டது. முன்னால் இழு, பின்னால் தள்ளு என்று ஆளாளுக்கு அதிகாரம் செய்து, கடைசியில் வாலை ரம்பத்தால் அறுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆட்டத்தில் யோனா வாய் வழியாகக் கீழே விழுந்தார். உங்கள் ஆட்கள், "மீனு கருவாடாயிடுச்சு டோய்!" என்று கூவினார்கள். எல்மோ இன்னமும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சில்வானா மீன் சமைப்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் உங்கள் தேர் மூலை திரும்பியது.

முதலில் தெரிந்தது கைதான். மாடிச் சன்னல்களுக்கு மேலே ஒரு கை, வெள்ளைத் திராட்சையில் செய்த கை, அதன் மேல் பெரிய செம்புப் பானை. பானையிலிருந்து நிஜமாகவே புகை வந்துகொண்டிருந்தது. பிறகு தலை தெரிந்தது. கறுப்புத் திராட்சையில் பின்னல், சுற்றிக் கட்டிய கொண்டை. பிறகு முகம். பக்கத்தில் நின்ற சில்வானா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மதினி! அய்யோ மதினி, இது நீங்கதான்!" என்று அலறினாள். நான்தான். மோவாயில் இருக்கிற மச்சத்துக்கு ஒரே ஒரு உலர்ந்த திராட்சை. நீல ஏப்ரனில் நான் போட்ட ஒட்டு கூட அப்படியே. கொடி இலையில் பாவாடை. வாய் நிறையச் சிரிப்பு. டிராக்டர் குலுங்கும்போதெல்லாம் அவள் தலையை ஆட்டினாள். ஊர் முழுக்க "நெரினா! நெரினா!" என்று கத்தியது.

அழுதேன் தெரேன்சியோ. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள், பாதி அதுவும் உண்மைதான். அந்த மச்சத்தை நீ பார்த்திருக்கிறாய். ஏப்ரனில் ஒட்டு எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் கூட நீ எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னவன் இல்லை, இப்போது ஊர் கூடிப் பார்க்க இவ்வளவு பெரிதாகச் சொல்லிவிட்டாய். அதற்காகத்தான் சன்னலை அடைத்தாய் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மனசு இளகிப்போயிற்று. கொஞ்ச நேரம் வரைக்கும்.

அப்புறம் அந்தப் புகைப்படக்காரன் வந்தான், பேப்பரிலிருந்து வந்தவனாம். "அம்மா, தேருக்கு முன்னாடி வந்து அதே மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க" என்றான். கூட்டம் விலகி வழி விட்டது. நான் போய் நின்று இடது கையைத் தூக்கினேன். "அந்தக் கை இல்லம்மா, மத்தக் கை" என்றான். "அது வராதுப்பா" என்றேன். "பாருங்க, எப்படி வெக்கப்படறாங்க!" என்று சிரித்தான், ஊரும் சிரித்தது. என் வலது கை சால்வைக்குள்ளேயே கிடந்தது. தலைக்கு மேலே தேரில் அந்த இன்னொருத்தி, அதே வலது கையால் செம்புப் பானையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். குளவிகள் அவள் முகத்தை மொய்த்துக்கொண்டிருந்தன.

இந்தக் கை போன குளிர்காலத்திலேயே போய்விட்டது. உன் அப்பாவைப் படுக்கையில் புரட்டி, தூக்கி, உட்காரவைத்து, கழுவி. அவர் கனத்த உடம்பு, பாவம், கடைசியில் தன்னால் ஒரு விரலையும் அசைக்க முடியாமல் கிடந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, சாகும்போது என் பெயரைத்தான் கூப்பிட்டார். ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை உன்னிடம் சொன்னேன், "தோள் மேல எழும்ப மாட்டேங்குது, குத்துது" என்று. "மழை வரப் போகுது, எனக்கும் முட்டி வலிக்குது" என்றாய். புல் அறுக்கிற சமயத்தில் மறுபடியும் சொன்னேன். நீ கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாய், சத்தத்தில் காதில் விழவில்லை போலும். மூன்றாவது தடவை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இடது கையால் சமாளித்தேன். பானையை அடுப்பிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சறுக்குப் பலகைக்கு என்று இறக்கினேன். தினமும் உன் கண் முன்னால்தான். நீ தேரில் செய்தது வேறு யாரையும் இல்லை, என்னைத்தான். ஆனால் பழைய நெரினாவை. இப்போது இருக்கிறவளை நீ பார்க்கவே இல்லை.

இதைச் சொன்னால் இங்கே எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். பேக்கரிக்காரி, "அடி போடி, என் புருஷன் என்னைத் தேர்ல வெக்கிறது இருக்கட்டும், ஃபோட்டோல கூட வெட்டிட்டு அவனை மட்டும் வெச்சுக்கறான், உனக்கு என்னடி குறை?" என்கிறாள். சிரிப்பு வந்தது. முடிதிருத்தும் கடையில் வேறு ஒரு வழக்கு நடக்கிறது. முகம் மேட்டுப்பேட்டையில் பிறந்த முகமாம், அதனால் வெற்றியில் பாதி நமக்குச் சேரணுமாம். மூக்கு எங்கள் அப்பா மூக்கு என்பதற்குச் சாட்சி சொல்ல எல்மோவை இழுத்துக்கொண்டு போனார்கள். போன வாரம் சதுக்கத்துப் பக்கம் போனேன். தேரை இன்னும் பிரிக்கவில்லை. அந்த மூக்கை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள். கன்னமெல்லாம் ஒழுகி, சாறு கழுத்து வழியாக வடிந்துகொண்டிருந்தது. கை மட்டும் அப்படியே மேலே நின்றது, உள்ளே இரும்புக் கம்பி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

இப்போது பாலம். நான் அசந்து தூங்கிவிட்டேன் என்று நீ சாமியாரிடம் சொன்னாயாம், என் மானத்தைக் காப்பாற்றவா உன் மானத்தைக் காப்பாற்றவா தெரியவில்லை. தூங்கவில்லை. நீ நின்றதைப் பார்த்தேன். எல்மோ வீட்டு மாடியிலிருந்து பாலம் நன்றாகத் தெரியும். மணி அடித்ததும் மற்றவர்கள் மூட்டையோடு போனார்கள், அந்தப் புதுப் பெண் ஓடியே போனாள். நீ உங்கள் பேட்டையின் நீலக் கழுத்துத்துணியும் தோளில் கொடியுமாக நடுவில் நின்றாய். கொடியைத் தோள் மாற்றித் தோள் வைத்துக்கொண்டாய். முடியை விரலால் கோதிவிட்டாய். அது எனக்காகத்தான் என்று தெரிந்தது. அந்த ஒன்றுக்காகவே இறங்கி வந்தேன். ஆமாம், வந்தேன். செருப்புப் போட்டு, மூட்டையை இடது கையில் எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு வருகிற சந்தின் முனை வரை வந்துவிட்டேன். அங்கே நாந்தோவின் குரல் கேட்டது. உன் பட்டாளம் மொத்தமும் கரையில் நின்றுகொண்டிருந்தது. "அண்ணி வந்தாச்சுன்னா அடுப்பைப் பத்த வெச்சிடலாம், இன்னிக்கு நம்ம வீட்டுல எல்லாருக்கும் விருந்து!" என்று கத்தினான். நீ திரும்பி, "கொஞ்சம் பொறுங்கடா, இதோ வந்துடுவா, களி கிண்ட எவ்வளவு நேரம்?" என்றாய்.

அவ்வளவுதான். கோபம் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. கால் தானாகத் திரும்பிற்று. மாடி ஏறி வந்து செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சன்னலில் உட்கார்ந்தேன். வெளிச்சம் மங்குகிற வரை நீ நின்றாய். ஒரேஸ்தே வந்து உன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். அன்றைக்கு நீ அவமானப்பட்டுவிட்டாய், எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். வேறு எதற்கும் கேட்கவில்லை.

சில்வானா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தோள்பட்டைக்குள்ளே தசைநார் அறுந்திருக்கிறதாம். இவ்வளவு நாள் எப்படித் தாங்கினீர்கள் என்று டாக்டர் கேட்டாள், சின்ன வயசுப் பெண். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றும் கேட்டாள். மூன்று பேர் இருக்கிறார்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அடுத்த ஈஸ்டர் வரை எதையும் தூக்கக் கூடாது. அறுத்துத் தைக்க வேண்டி வரலாம். தைத்தாலும் பழையபடி மேலே எழும்பாது என்றுதான் சொல்கிறாள். கை மேசை மேல் கிடந்தால் ஒன்றும் செய்வதில்லை, அதனால் எழுத முடிகிறது. எழுத்துக் கொஞ்சம் சாய்ந்துபோகிறது, பார்த்துப் படி.

இதைத்தான் ஃபோனில் சொல்ல வந்தேன். மூடியைத் தேடிக்கொண்டிருந்தாய்.

ஆக, எப்போது வருகிறாய் என்று கேட்கிறாயே, அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் செம்புப் பானை இனிமேல் என்னால் ஆகாது. விறகு ஆகாது, ஈரத்துணி ஆகாது, திராட்சை பறிக்கக் கூடை சுமப்பது ஆகாது. நான் வந்தால் ஒரு கையோடு வருவேன். அப்படி ஒருத்தி உங்கள் வீட்டில் வந்து சும்மா உட்கார இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். உன் தம்பிகளைக் கேட்காதே, அவர்கள் நல்ல பிள்ளைகள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு மூடி எங்கே என்று கேட்பார்கள். நீ யோசி. இல்லை என்றால் இல்லை என்று சொல், எனக்கு வருத்தம்தான், ஆனால் செத்துப்போய்விட மாட்டேன். இங்கே எல்மோ பின்பக்க அறையைக் காலி செய்து தருகிறேன் என்கிறான். எனக்கு அந்த அறை வேண்டாம் தெரேன்சியோ. எனக்கு என் வீடுதான் வேண்டும், அதைச் சொல்லவும் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த இருட்டுச் சமையலறைக்குள் மறுபடி நுழைய என்னால் முடியாது.

ஆமாம், தார்ப்பாய் இன்னும் சன்னலில்தான் இருக்கிறது. எல்மோ வீட்டு மாடியிலிருந்து அதுவும் தெரிகிறது. திருவிழா முடிந்து, சாறு பிழிந்து, பீப்பாயில் ஊற்றி, எல்லாம் ஆயிற்று. மூன்று ஆம்பளைகள் காலையும் மாலையும் அங்கே நின்று முட்டை பொரிக்கிறீர்கள், பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு. தார்ப்பாயின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அதைக் கழற்ற வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

எனக்கு என் சீப்பு வேண்டும். திண்டில் இருக்கிறது, தார்ப்பாய்க்குப் பின்னால். துளசி செத்திருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடு. இங்கே சில்வானாதான் எனக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள், கை மேலே எட்டாததால். அவள் ஆலைக்கு முதல் ஷிப்ட் போகிற நாளில் அவிழ்ந்த தலையோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய பிளாஸ்டிக் சீப்பு முடியைப் பிடுங்குகிறது.

சீப்பை யார் கையிலும் கொடுத்தனுப்பாதே. ஒரேஸ்தே வேண்டாம், சாமியார் வேண்டவே வேண்டாம். நீ கொண்டு வா. கழுத்தில் நீலத்துணி கட்டாமல் வா, இவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள், நான் எல்மோவிடம் சொல்லி வைக்கிறேன். திருவிழா இல்லாத நாளில், கொடி இல்லாமல், உன் பேட்டை ஆட்கள் யாரும் பின்னால் வராமல், நீ மட்டும் பாலத்தைத் தாண்டி வா. நடுவில் நிற்காதே, இந்தப் பக்கம் வரை வா. வந்து மாடி ஏறி எனக்குத் தலை வாரிவிடு. தெரியாது என்று சொல்லாதே, கழுதைக்குக் கூடத் திருவிழாவில் பிடரி மயிரைப் பின்னிவிடுகிற ஆள்தானே நீ. எனக்கு அதைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பின்னினால் போதும்.

உன் முட்டி வலிக்கு மாதா துணை இருக்கட்டும். ராத்திரியில் குளிர் தொடங்கிவிட்டது, உன் கம்பளிச் சட்டை மேல் தட்டில், பெட்டியின் அடியில் இருக்கிறது. தம்பிகளையும் போட்டுக்கொள்ளச் சொல். உங்கள் மூன்று பேருக்கும் தினமும் செபம் சொல்கிறேன், அதற்குக் கை வேண்டியதில்லை. கர்த்தர் உன்னைக் காக்கட்டும் தெரேன்சியோ, உனக்கு நல்ல புத்தியும் எனக்கு நல்ல பதிலும் கொடுக்கட்டும்.

ஆணி பிடுங்கும் கொறடு படிக்கட்டுக்குக் கீழே, பழைய பூட்ஸுக்குள் இருக்கிறது. ஏணியில் ஏறும்போது நாந்தோவைப் பிடித்துக்கொள்ளச் சொல். சன்னல் திறந்தால் எனக்கு இங்கிருந்தே தெரிந்துவிடும். நான் மாடியில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மனைவி
நெரினா